சென்னிமலைத் தண்ணீரில் நுரைக்காத சோப்பு

மூன்றாம் வகுப்போடு புத்தகப் பையைக் கழற்றிப் போட்டவன் கட்டியது என்னென்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அரசூர்ப் பக்கம் ஒரு சோப்பு ஆலை. பெருந்துறை ரோட்டில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. பவானி ஜமுக்காளத்தின் சாயம் போகாமல் துவைப்பதற்கென்றே தனியாக ஒரு சோப்பு. அதைக் கேள்விப்படாத தறிக்காரர் யாராவது இருந்தால் என்னிடம் கூட்டி வாருங்கள். எங்கள் காலனியில் பெண்களுக்குக் கதவு வைத்த குளியலறைகள், அவற்றுக்கு மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி.

காஸ்டிக் சோடா தெறித்து என் வலது கை தோல் உரிந்து கிடந்தபோது, 'இவன் இனிமேல் சோற்றைப் பிசைந்து தின்றாலே பெரிய காரியம்' என்றார் ஒரு டாக்டர். இத்தனையும் அந்தக் கையால்தான். இதை எழுதுவதும் அந்தக் கைதான்.

போன வாரம் என் முதல் லாரியைப் பற்றி எழுதியதற்கு, 'பெரியவர் ரொம்பத்தான் அளக்கிறார்' என்று ஒருவர் இந்தப் பத்திரிகைக்குக் கார்டு போட்டிருக்கிறார். அளக்கிறேன். அளப்பதற்கு என்னிடம் சரக்கு இருக்கிறது. அவரிடம் என்ன இருக்கிறது? ஒரு கார்டு இருந்தது, அதையும் போட்டுவிட்டார்.

இந்த வாரம் குளியலைப் பற்றி. படித்தவர்கள் குளியலைப் பற்றி என்ன பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதைப் பற்றி.

ஏசி ஹாலில் அழுக்கின் வரலாறு

போன மாதம் பீளமேட்டில் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. சோப்பும் குளியலும் வளர்ந்த கதை என்று ஒரு கண்காட்சி. நான் இளவயதில் வேலை பார்த்த சோப்புக் கம்பெனி பீளமேட்டில்தான் இருந்தது. மூடி வெகுகாலம் ஆகிறது. அந்த முதலாளியின் மகன், எங்கள் வாயில் இன்றைக்கும் 'சின்ன முதலாளி', கம்பெனியின் பழைய சாமான்களை எல்லாம் கல்லூரிக்குக் கொடுத்திருக்கிறார். கம்பெனி பெயரைப் போட வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். போடாவிட்டால் என்ன? பழைய ஆட்களுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும்.

என் மனைவி அருக்காணியைக் கூப்பிட்டேன்.

"நானு வல்லீங்க. சோப்பப் பாக்கறதுக்கு ஏசி ஹாலுக்குப் போகோணுமாக்கும்? நம்மூட்டுலயே மூட்டை மூட்டையாக் கெடக்குது" என்றாள்.

தனியாகப் போனேன். ஹால் நிறைய நாற்காலியில் பிள்ளைகள், வாத்தியார்கள். மேடையில் சின்ன முதலாளி. சுவர் முழுக்க ஆள் உயரத்துக்குப் படமும் எழுத்தும் போட்ட பலகைகள். டாக்டர் நிர்மலா என்று ஒரு பேராசிரியை. நல்ல குரல், தெளிவான பேச்சு. ஒவ்வொரு பலகையாகக் காட்டிக் கொண்டே போனார். பிள்ளைகள் 'அப்படியா, அப்படியா' என்று வாயைப் பிளந்தார்கள்.

முதல் பலகையில் பாபிலோன். சாம்பலையும் எண்ணெயையும் சேர்த்துச் சோப்புக் காய்ச்சுகிற முறையை ஆயிரக்கணக்கான வருடம் முன்னாலேயே களிமண் பலகையில் எழுதிவைத்தார்களாம். எழுதட்டும். நம் ஊரில் உவர்மண்ணை ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்த வண்ணார்கள் எந்தக் களிமண்ணில் எழுதிவைத்தார்கள்? அவர்களுக்கு வேலை இருந்தது.

அடுத்தது ரோமாபுரி. சலவைக்கல் பதித்த பெரிய பெரிய குளியல் மண்டபங்கள். அங்கே சோப்பே கிடையாதாம். உடம்பில் எண்ணெயைப் பூசி, வளைந்த ஒரு தகட்டால் வழித்து எடுப்பார்களாம். இதைக் கேட்டு எல்லோரும் ஆகா என்றார்கள். எங்கள் ஊரில் எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுக் குளித்தவனைப் பட்டிக்காட்டான் என்று சொன்னவர்கள் இவர்கள்தான். அதையே ரோமாபுரிக்காரன் தகட்டால் செய்தால் நாகரிகம்!

இன்னொன்றும் சொன்னார். மல்யுத்தம் பிடிக்கிறவர்களின் உடம்பிலிருந்து வழித்த அந்த எண்ணெயும் வியர்வையும் மருந்து என்று விற்பனை ஆனதாம். வாங்குவதற்கு ஆள் நின்றதாம். பேர் பெற்றவன் உடம்பு அழுக்குக்கும் விலை இருக்கிறது பாருங்கள். பேர் இல்லாதவன் உழைப்புக்குத்தான் இல்லை.

பிறகு ஐரோப்பா. சுடுதண்ணீரில் குளித்தால் தோலில் துவாரம் திறந்து, அதன் வழியாக நோய் உள்ளே போய்விடும் என்று அங்கத்து வைத்தியர்களே சொன்ன காலம் ஒன்று இருந்ததாம். ராஜாவும் ராணியும் மாதக்கணக்கில் தண்ணீர் படாமல், வெள்ளைச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, 'சுத்தமாகிவிட்டோம்' என்று உட்கார்ந்திருப்பார்களாம். இவர்கள் நம் நாட்டுக்கு வந்து நமக்குச் சுத்தம் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கு மேல் நான் என்ன எழுத!

இங்கிலாந்தில் சோப்புக்கு வரி போட்டு, வரி அதிகாரி வந்து சோப்புக் காய்ச்சுகிற கொப்பரைக்கே மூடி போட்டுப் பூட்டிவிட்டுப் போவாராம். நம் அதிகாரிகளுக்கு இந்த யோசனை வராமல் போனதற்கு மருதமலையானுக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும்.

சோப்புக் காய்ச்சி இறக்கிய கழிவுத் தண்ணீரில் கிளிசரின் இருக்கிறது, உலகப் போரில் அதிலிருந்து வெடிமருந்து செய்தார்கள் என்றும் சொன்னார். அது எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் அந்தத் தண்ணீரை வாளி வாளியாகச் சாக்கடையில் ஊற்றினோம். 'ஏனுங்க, இதுல ஒண்ணுமே ஆகாதுங்களா?' என்று நான் கேட்டதற்கு, 'உனக்கு எதுக்கு அந்தக் கவலை?' என்றார் அங்கே இருந்த கெமிஸ்ட். வெடிகுண்டுக்கு ஆகிற சரக்கைச் சாக்கடைக்கு ஊற்றியவர் படித்தவர். கேட்டவன் படிக்காதவன்.

ஒரு போட்டோவும் ஒரு வரியும்

கடைசிப் பலகைக்கு வந்தோம். 'நம் மண்ணின் சாதனை' என்று தலைப்பு. கோட்டும் கண்ணாடியுமாக அதே கெமிஸ்டின் போட்டோ. அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அங்கே பெரிய எழுத்தில் இருக்கிறது, அது போதும். கீழே இப்படிப் போட்டிருந்தது: 'கொங்கு நாட்டின் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் குளியல் சோப்பைக் கண்டுபிடித்தவர்.'

பேராசிரியை சொன்னார்: "இந்தப் பலகையில இருக்கறதெல்லாம் ஒரு புத்தகமா வரப்போகுது. இந்த மாசக் கடைசியில அச்சுக்குப் போகுது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுல இருக்கற பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கொடுக்கப்போறோம்."

எனக்குக் காதில் வேறொன்றும் ஏறவில்லை. இந்த ஒரு வரியை நாளைக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மனப்பாடம் செய்யப் போகிறார்கள். என் பேத்தியும் செய்வாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று, உப்புத் தண்ணீர் சோப்பைக் கண்டுபிடித்தவர் கோட்டுப் போட்ட இன்னார் என்று சொல்லுவாள். வாத்தியார் 'சரி, உட்கார்' என்பார்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். பிறகு நீங்களே சொல்லுங்கள்.

கொப்பரை சுரண்டியவன்

எங்கள் குடும்பம் சென்னிமலைக்குப் பக்கத்தில் பரம்பரையாகப் பண்ணையத்தில் கூலி வேலை செய்த குடும்பம். எங்கள் பக்கம் 'குளித்தேன்' என்று சொல்ல மாட்டார்கள், 'தண்ணி வாத்துக்கிட்டேன்' என்பார்கள். கிணறு எங்களுக்கு இல்லை. தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது, வெங்காயப் பாத்தி எல்லாம் பாய்ந்து முடிந்து கடைமடைக்கு வருகிற தண்ணீரில்தான் வார்த்துக்கொள்ள வேண்டும். 'டேய், வாய்க்காலுக்கு அக்கட்டால போயி வாத்துக்கோ' என்று பண்ணையக்காரர் குரல் வரும். அந்தத் தோட்டத்து மண்ணும் வியர்வையும்தான் எங்கள் மேல் அழுக்கு. அழுக்கு அவர்களுடையது, அசிங்கம் மட்டும் எங்களுடையது.

அந்தத் தண்ணீரும் உப்புத் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். அதில் சோப்புப் போட்டால் நுரை வராது. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பியாக உடம்பில் ஒட்டும். சொறிந்தால் நகத்தில் வரும்.

கல்யாணம் ஆன புதிதில் நான் பீளமேட்டுச் சோப்புக் கம்பெனியில் சேர்ந்தேன். வேலை என்னவென்றால், கொப்பரை கிளறுவது, சோப்பைச் சட்டத்தில் ஊற்றிய பிறகு கொப்பரையில் ஒட்டியதைத் தகட்டால் சுரண்டிக் கழுவி வைப்பது. வாரம் முழுக்க அங்கேயே தங்கல். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து ஊருக்குப் போவேன். சுரண்டலைச் சுரண்டினவனே எடுத்துக்கொள்ளலாம் என்பது கம்பெனி வழக்கம். அதைக் கட்டியாகப் பிடித்துக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு போவேன்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சோப்பில் காரம் மிச்சம் இருக்கிறதா என்று நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பது. சுருக்கென்று இழுத்தால் இன்னும் வேக வேண்டும். மதராஸில் படித்துவிட்டு வந்த அந்தக் கெமிஸ்ட், கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக என்னவோ விட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு வெளியே வந்து, "சென்னான், காரம் பாத்தியா?" என்பார். நான் தலையாட்டினால்தான் கொப்பரை இறங்கும். என் முழுப் பெயர் சென்னியப்பன். கம்பெனியில் யாருக்கும் அவ்வளவு நீளமாகக் கூப்பிட நேரம் இருந்ததில்லை.

கம்பெனியில் வழக்கமாகக் கடலை எண்ணெயும் இலுப்பெண்ணெயும் பருத்திக்கொட்டை எண்ணெயும் காய்ச்சுவார்கள். ஊட்டிப் பக்கத்து எஸ்டேட் பங்களாக்களுக்கு வெள்ளையாகச் சோப்பு வேண்டும் என்று, மாதம் ஒருமுறை சின்னக் கொப்பரையில் தேங்காய் எண்ணெய் மட்டும் தனியாக ஒரு கொதி போடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தடுப்புக் கட்டிய பொடக்காணியில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த அருக்காணி உள்ளேயிருந்து கத்தினாள்.

"ஏனுங்க! இதென்னுங்க இந்தத் தடவ கொண்டாந்திருக்கறீங்க?"

"ஏம்புள்ள, அரிக்குதா?"

"அரிக்கலீங்க. நொரைக்குது! தலையெல்லாம் நொரை. கண்ணத் தொறக்க முடியல. சித்தெ தண்ணி மோந்து ஊத்துங்க!"

போய்ப் பார்த்தேன். அதே கரிக்கிற தண்ணீர். அவள் தலையில் மட்டும் இலவம்பஞ்சு மூட்டையை அவிழ்த்த மாதிரி நுரை. அந்த வாரச் சுரண்டல் தேங்காய் எண்ணெய்க் கொதியில் எடுத்தது. அடுத்த வாரம் கடலை எண்ணெய்க் கட்டியைக் கொண்டு போனேன், திப்பி. அதற்கடுத்து இலுப்பெண்ணெய், திப்பி. மறுபடியும் தேங்காய் எண்ணெய்; நுரை. ஒரு வருடத்துக்கு மேல் இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தோம். இதற்குப் பெயர் என்ன என்று படித்தவர்களைக் கேளுங்கள். ஆராய்ச்சி என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஞாயிற்றுக்கிழமை.

தைப்பூசத் தொட்டி

கம்பெனியில் பெரிதாகத் திட்டம் போட்டு ஒரு குளியல் சோப்புச் செய்தார்கள். கெமிஸ்ட் தன் அறையிலேயே கழுவிக் கழுவிப் பார்த்தார். குழாயைத் திறந்தால் வருவது சிறுவாணித் தண்ணீர். அந்தத் தண்ணீரில் செங்கல்லைத் தேய்த்தாலும் நுரைக்கும். 'பிரமாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோயமுத்தூரில் இருந்துகொண்டு உலகம் முழுக்கச் சிறுவாணி ஓடுகிறது என்று நினைப்பது அந்தக் காலத்துப் படித்தவர்களுக்கு ஒரு நோய். இப்போதும் சிலருக்கு இருக்கிறது.

"ஏனுங்க, எங்கூர்த் தண்ணியில ஒருக்கா பாத்துருங்களே" என்றேன் நான்.

"உங்க ஊர்ல குளிப்பாங்களா?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சென்னிமலைத் தைப்பூசத் தேருக்குக் கூட்டம் வரும், அங்கே ஸ்டால் போட்டு விளம்பரம் செய்யலாம் என்று முதலாளி முடிவு செய்தார். முதலாளி, கெமிஸ்ட், நான், மூன்று பேர் போனோம். நான் எதற்கு? பித்தளைத் தொட்டியைத் தூக்குவதற்கு, தண்ணீர் சேந்துவதற்கு. அடிவாரத்துக் கிணற்றில் சேந்தித் தொட்டியை நிரப்பி வைத்தேன். மனதுக்குள் சிரித்துக்கொண்டேதான் நிரப்பினேன், பொய் எதற்கு?

முதலாளியே மேல்துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கூப்பிட்டார்: "வாங்க, வாங்க! கை கழுவிப் பாருங்க! மல்லியப்பூ வாசம்!"

பெட்ஷீட் நெய்கிற ஒரு தறிக்காரர் முதலில் கையை நீட்டினார். தேய்த்தார். இன்னும் தேய்த்தார். கையில் வெள்ளையாக ஒட்டியது. விரலைப் பிரித்துக் காட்டினார்.

"ஏனுங்க, இது சோப்புங்களா, சுண்ணாம்புங்களா? வெத்தலை இருந்தாக் குடுங்க, போட்டுக்கலாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்னும் நாலு பேர் தேய்த்தார்கள். நாலு பேர் கையிலும் திப்பி.

கெமிஸ்ட் முன்னால் வந்தார். "சோப்புல குறையில்லைங்க. தண்ணி சரியில்ல. இது குளிக்கறதுக்கு லாயக்கில்லாத தண்ணி."

தறிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தண்ணியத்தான் மாடு செமந்துட்டு மலையேறிப் போயி முருகனுக்கு வாக்குது. முருகனுக்கு ஆகற தண்ணி உங்க சோப்புக்கு ஆகாதுங்களா?"

அதற்கு மேல் அங்கே யார் நிற்பார்கள்? முதலாளி முகம் சுருங்கிப்போனது. 'பெட்டியக் கட்டு' என்றார் என்னிடம்.

நான் கட்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று தேங்காய் எண்ணெய்ச் சுரண்டலை மடியில் முடிந்து வைத்திருந்தேன். எடுத்தேன். அதே தொட்டித் தண்ணீரில் தேய்த்தேன். நுரை முழங்கை வரைக்கும் ஏறியது. தறிக்காரர் பிடுங்கித் தேய்த்தார். கூட்டம் திரும்பி வந்துவிட்டது.

"இதச் சொல்லாம மடியில முடிஞ்சுட்டு நிக்கறயே, உன்னையத்தான் மொதலாளி ஆக்கோணும்!" என்றார் தறிக்காரர். வாய் முகூர்த்தம் பாருங்கள், ஆகிப்போட்டேன்.

கெமிஸ்ட் என் கையிலிருந்து கட்டியை வாங்கி மோந்து பார்த்தார். "எந்தக் கொதி?" என்றார். சொன்னேன். எத்தனை நாளாகத் தெரியும் என்றார். ஒரு வருடத்துக்கு மேல் என்றேன். எந்தெந்த எண்ணெய் பார்த்தாய் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி மேல் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, இடது பக்கத்தில் அடியில் இங்கிலீஷில் எழுதினார். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். என் பெயரைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் கம்பெனியில் தேங்காய் எண்ணெயைக் கூட்டிப் போட்டு 'உப்புத் தண்ணி சோப்பு' வந்தது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று அது போகாத கடை கிடையாது. நான் அங்கிருந்து வெளியே வந்து சொந்தக் கொப்பரை வைத்த கதையை முன்பே எழுதிவிட்டேன். ஆனால் எங்கே போனாலும் ஒன்று சொல்லுவேன்: 'அந்தச் சோப்பு என்னுது. நோட்டுல எம் பேரு இருக்குது.'

இடது பக்கம்

இப்போது ஹாலுக்கு வருவோம். நான் எழுந்து நின்றேன்.

"மேடம், ஒரு நிமிசமுங்க."

"கேள்வி நேரம் கடைசியில இருக்குங்க ஐயா."

"எங்கிட்ட இருக்கறது கேள்வி இல்லீங்க. பதிலு."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மேடையிலிருந்து சின்ன முதலாளி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அட, நம்ம சென்னான்..." என்று ஆரம்பித்து, என் வேட்டியையும் கையிலிருந்த கார்ச் சாவியையும் பார்த்து, "சென்னியப்பனுங்களா! வாங்க, வாங்க" என்று முடித்தார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். பேராசிரியை பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, தேங்காய் எண்ணெய் சோப்பு உப்புத் தண்ணியில நுரைக்கும்னு கப்பல்காரங்களுக்கு ரொம்ப காலமாவே தெரியும். கடல் தண்ணியில குளிக்க அவங்க அதத்தான் வச்சிருந்தாங்க. அப்படிப் பார்த்தா இது புதுக் கண்டுபிடிப்பே இல்லைங்க."

"அப்பறம் எதுக்குங்க அந்தப் போட்டாவுக்கு அடியில கண்டுபிடிச்சவருன்னு போட்டிருக்கறீங்க? கெமிஸ்டுன்னா கண்டுபிடிப்பு, நானுன்னாக் கப்பல்காரனுதா? அந்தக் கப்பல்காரன் சென்னிமலைத் தேருக்கு வந்து சொல்லீட்டுப் போனானுங்களா?"

பின்வரிசையில் ஒரு விசில் கிளம்பியது. வாத்தியார் ஒருவர் முறைத்தார்.

சின்ன முதலாளி மைக்கைப் பிடித்தார். "நீங்க சொன்னா நான் நம்பாம இருப்பனுங்களா? ஆனாப் பாருங்க, புத்தகம்னா ஆதாரம் வேணுமல்லங்க."

ஆதாரம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த நோட்டு. சோப்புச் செய்முறை எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"அதுக்கு முந்தின தாளு. இடது பக்கம், அடியில. படிங்க" என்றேன்.

பேராசிரியை பெட்டியைத் திறந்து தாளைத் திருப்பினார். குனிந்து பார்த்தார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்: "சென்னிமலை. கிணற்றுத் தண்ணீர். நம் சோப்பு திரிகிறது. தேங்காய் எண்ணெய்க் கொதியின் சுரண்டல் மிக நன்றாக நுரைக்கிறது. ஒரு வருடம் பழகிப் பார்த்ததாகச் சொல்கிறான். கொண்டு வந்தது..."

நிறுத்திவிட்டார்.

"படிங்க மேடம்."

"கொண்டு வந்தது ஒரு கூலியாள்."



இத்தனை வருடமாக என் பெயர் அங்கே இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். 'சென்னான், காரம் பாத்தியா?' என்று தினமும் காலையில் கூப்பிட்ட வாய்க்கு என் பெயர் தெரியாதா? என் நாக்கை நம்பிக் கொப்பரையை இறக்கிய ஆளுக்கு, நாலு எழுத்து எழுதக் கை வரவில்லை.

சின்ன முதலாளி மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கூலியாளு நீங்கதான்னு எப்புடீங்க தெரியறது?"

"அன்னிக்கு அங்க போனது மூணே பேருங்க. உங்கப்பா, கெமிஸ்ட், நானு. இதுல கூலியாளு ஆருன்னு நெனைக்கறீங்க? உங்கப்பாவுங்களா?"

ஹாலே சிரித்தது. அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. "பாக்கலாமுங்க, பாக்கலாமுங்க" என்றார். அந்தப் 'பாக்கலாமுங்க' எனக்கு ஐம்பது வருடப் பழக்கம். அதை நம்பியிருந்தால் நான் இன்றைக்கும் கொப்பரைதான் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

வாசல் வரைக்கும் வந்தவர் பேராசிரியை. "ஐயா, அச்சுக்குப் போறதுக்குள்ள எழுத்தா ஒண்ணு கொடுங்க. வாயால சொன்னா எங்க கமிட்டியில எடுத்துக்க மாட்டாங்க" என்றார். அந்த அம்மணி சொன்னது நியாயம். சிரித்த நானூறு பேரில் உருப்படியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்து அருக்காணியிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கூலியாளுன்னா எழுதியிருக்குது?"

"ஆமா."

"அப்ப நானு ஆருங்க? நொரைக்குதுன்னு பொடக்காணியில இருந்து கத்துனது ஆரு? அரிக்குதா எரியுதான்னு வாராவாரம் எந் தலையிலதானுங்க பாத்தீங்க? உங்களுக்காச்சும் கூலியாளுன்னு ஒரு பேரு கெடைச்சுது."

அவள் சொல்வதில் தப்பில்லை. நான் பெருமை பேசுகிறவன்தான். அடுத்தவர் பங்கைத் தூக்கி மடியில் முடிந்துகொள்கிறவன் இல்லை. அந்த வேலைக்குப் படிப்பு வேண்டும்.

ஆகவே கல்லூரிக் கமிட்டிக்கு எழுத்தாகவே தருகிறேன். கேட்டதற்கு இதுதான் எழுத்து. ஒரு பத்திரிகையே அச்சடித்துக் கொடுக்கிறது, இதைவிட எழுத்து வேண்டுமானால் களிமண் பலகையில்தான் தர வேண்டும். உங்கள் புத்தகத்தில் போட வேண்டிய வரியையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம்: 'தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கொங்கு நாட்டு உப்புத் தண்ணீரில் நுரைக்கும் என்பதை ஒரு வருடம் பழகிப் பார்த்துக் கண்டு சொன்னவர், கொப்பரை சுரண்டிய சென்னியப்பன். தன் தலையில் தேய்த்துச் சோதித்தவர், அவர் மனைவி அருக்காணி.'

கெமிஸ்ட் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் நோட்டுப் போட்டு எழுதினார். அந்தப் பங்கு அவருக்கு இருக்கட்டும். எங்கள் இரண்டு பெயரையும் அவர் பெயருக்கு மேலே போடுங்கள்.